புள்ளி உதிர்ந்த பெயர்களும் டி.எச். ரோட்டு டி.டி.பி. கடையும்

தியேட்டர் மூடிவிட்டாலும் தண்டையார்பேட்டையில் இன்னும் எல்லோரும் அகஸ்தியா என்றுதான் வழி சொல்கிறோம். அங்கே இறங்கி, டி.எச். ரோட்டைக் கடந்து, பிளவுஸ் தைக்கிற கடைக்கும் தண்ணீர் கேன் போடுகிற கடைக்கும் நடுவில் பார்த்தால் பத்தடி அகலத்துக்கு ஒரு ஷட்டர் இருக்கும். பலகையில் கடைப் பெயர் கிடையாது. ஜெராக்ஸ், டி.டி.பி., லேமினேஷன் என்று மட்டும் எழுதியிருக்கும். "பேரு வெச்சா போர்டு வரி கேப்பான்" என்கிறார் கடைக்காரர். விளையாட்டாகச் சொல்கிறாரா நிஜமாகவா என்று இன்னும் தெரியவில்லை.

இந்தக் கடையைப் பற்றி எழுதக் காரணம் எங்கள் தெரு அம்மன் கோயில். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற விழாவுக்கு இந்த வருஷம் கணக்கு வழக்கு என் தலையில் விழுந்தது. நான் பீச் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். "அக்காவுக்கு எக்ஸெல் தெரியும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நன்கொடை கொடுத்தவர்கள் 412 பேர். 101 ரூபாய் கொடுத்தவரும் உண்டு, 10,001 கொடுத்தவரும் உண்டு. நோட்டீஸில் பெயர் வந்தாக வேண்டும். பெயர் விட்டுப் போனால் அடுத்த வருஷம் அந்த வீட்டுக் கதவு திறக்காது. எழுத்துப் பிழையோடு வந்தால் இன்னும் மோசம், இந்த வருஷமே சண்டை.

என் தங்கச்சி மகன் வசூலை எல்லாம் செல்போனிலேயே கூகுள் ஷீட்டில் ஏற்றியிருந்தான். முடிந்ததும் சி.எஸ்.வி.யாக, அதாவது வெறும் எழுத்தும் காற்புள்ளியுமாக இருக்கிற ஃபைலாக, இறக்கி மெயிலில் அனுப்பினான். ஆபீஸில் டபுள் கிளிக் செய்து திறந்தேன். ஒரு பெயர்கூட இல்லை. தலையில் சாய்கோடு போட்ட குட்டி ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', அப்புறம் ஏதோ ஒரு குறி; மறுபடி அதே 'ஏ', அதே 'ஆர்'. 412 வரியும் இதே கதை. தொகை மட்டும் சரியாக இருந்தது. யார் கொடுத்தது என்று தெரியாமல் எவ்வளவு என்று மட்டும் தெரிந்து என்ன செய்ய?

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், அந்தக் குப்பையை அப்படியே காப்பி செய்து, மெயிலில் ஒட்டி, ஆண்டர்சன் தெருப் பக்கம் நோட்டீஸ் அடிக்கிற ஓர் அச்சகத்துக்கு அனுப்பி, "எழுத்து மாறி வருது, கொஞ்சம் பாருங்க" என்று எழுதிவிட்டேன். அங்கிருந்த பையன் எந்த கன்வெர்ட்டரில் போட்டானோ, மறுநாள் திரும்பி வந்தது. இப்போது தமிழ் தெரிந்தது. ஆனால் முருகன் 'மரகன' ஆகியிருந்தார். ஏழுமலைக்குத் தலையே இல்லை. உதிர்ந்த இடத்தில் எல்லாம் கறுப்பு வைரம், அதற்குள் ஒரு கேள்விக்குறி. "இவ்ளோதான் மேடம் வரும், மீதிய நீங்க கையில திருத்திக்குங்க" என்று ஒரு வரி பதில்.

எதிர் வீட்டு அம்மாதான் இந்தக் கடையைச் சொன்னார். வியாழக்கிழமை சாயங்காலம், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருக்கும், தேவைப்பட்டால் மட்டும் கீழே இறங்கும். திரையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்ட முதல் கேள்வி: "சேவ் கீவ் பண்ட்டியாமா?"

"இல்லண்ணா, காப்பி பண்ணேன்."

"ஒரிஜினல் மெயிலு கீதா?"

இருந்தது. "அப்ப பயம் இல்ல, குந்து" என்று ஸ்டூலைத் தள்ளினார். டாக்டரிடம் போனால் சாப்பிட்டாயா, காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்பாரே, அந்த மாதிரி. இதற்கு முன் இரண்டு பேரிடம் காட்டியிருந்தேன். இரண்டு பேருமே பார்த்த உடனே ஃபான்ட்டை மாற்றத் தொடங்கினார்கள். இவர் எதையும் தொடவில்லை. குப்பையைப் படித்தார். நிஜமாகவே படித்தார், விரலை வைத்து.

"ஏ-யும் ஆரும் ஜோடி ஜோடியா வந்தா உள்ள இருக்கிறது நல்ல யூனிகோட் தமிழ். ஒண்ணும் கெடல. பெட்டி மாத்தித் தொறந்துட்ட, அவ்ளோதான்."

பெட்டி என்றது அச்சு எழுத்துப் பெட்டியை. இவர் சின்ன வயதில் மின்ட் பக்கம் ஈய எழுத்துக் கோத்தவர். அந்தப் பெட்டியில் அறை அறையாக எழுத்து இருக்கும். இந்த அறையில் 'க', அந்த அறையில் 'ங' என்று கைக்கே தெரியும், கண் போகாது. வேறு அச்சகத்துக்கு வேலைக்குப் போனால் அறைகள் மாறியிருக்கும். பழைய ஞாபகத்தில் கையை விட்டால் வேறு எழுத்து வரும். கம்ப்யூட்டர் ஃபைலும் அப்படித்தானாம். ஃபைலில் எழுத்தே கிடையாது, அறை எண்கள்தான் இருக்கின்றன. யூனிகோட் என்பது உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துப் பட்டியல். அதை ஃபைலில் எழுதுகிற யு.டி.எஃப்.-8 என்கிற முறையில் ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று எண். முதல் எண் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று, மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். எக்ஸெல்லுக்கு இது யு.டி.எஃப்.-8 என்று யாரும் சொல்லவில்லை. அது விண்டோஸின் பழைய மேற்கத்திய எழுத்துப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிவிட்டது. அந்தப் பட்டியலில் நம் முதல் எண்ணுக்குரிய அறையில் சாய்கோட்டு 'ஏ' இருக்கிறது, இரண்டாவதில் வட்டத்து 'ஆர்' அல்லது ஒரு சின்ன மேல்கோடு. 'தமிழ்' என்று எழுதக் கம்ப்யூட்டர் கணக்கில் ஐந்து குறி வேண்டும்: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. மும்மூன்றாகப் பிரிந்தால் பதினைந்து எண்.

சரி, முருகன் ஏன் மரகன ஆனார்? இந்த இடத்தில்தான் எனக்கு இந்த மனிதர் மேல் மரியாதை வந்தது. அந்த மேற்கத்தியப் பட்டியலில் ஐந்து அறைகள் காலி. ஒன்றுமே வைக்காத அறைகள். நம் துரதிர்ஷ்டம், புள்ளியின் மூன்றாவது எண் ஒரு காலி அறையில் விழுகிறது. உகரக் குறியுடையது இன்னொரு காலி அறையில். 'ஏ', 'ஐ' என்ற இரண்டு உயிரெழுத்துக்கும் அதே கதி. குப்பையைக் காப்பி எடுத்து இங்கே அங்கே ஒட்டும்போது, கண்ணுக்குத் தெரியாத அந்த எண்கள் வழியில் உதிர்ந்துவிடும். அப்புறம் திருப்பித் தமிழாக்கினால் மற்ற எழுத்தெல்லாம் எழுந்து வரும், இந்த நாலும் வராது. முருகனில் இரண்டு உகரம், ஒரு புள்ளி. மூன்றும் போச்சு. ஏழுமலையில் 'ஏ'யும் உகரமும் போச்சு. தமிழில் புள்ளியும் உகரமும் இல்லாத பெயர் எத்தனை தேறும்? கமலா, மீனா மாதிரி சிலர் தப்பித்திருந்தார்கள்.

"ஒரிஜினலு இல்லேன்னாலும் இத்த ஒப்பேத்தலாம்மா" என்றார். பெயரின் நடுவிலோ கடைசியிலோ வைரம் வந்தால் அது புள்ளி அல்லது உகரம், தொடக்கத்தில் வந்தால் 'ஏ' அல்லது 'ஐ'. படிக்கத் தெரிந்தவன் ஊகித்துவிடுவான். போன வருஷம் யாருக்கோ அப்படி ஒரு வாக்காளர் பட்டியலையே உட்கார்ந்து தேற்றிக் கொடுத்தாராம். "ஆனா உனுக்கு இன்னாத்துக்கு அந்தத் தலவேதன?"

என் மெயிலைத் திறக்கச் சொன்னார். தங்கச்சி மகன் அனுப்பிய இணைப்பை இரண்டாவது முறை இறக்கினார். நான் என்ன கூத்தடித்திருந்தாலும் மெயிலில் கிடக்கிற பிரதி அப்படியே இருக்கும் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லையோ. டபுள் கிளிக் செய்யவில்லை. எக்ஸெல்லில் காலி ஷீட் ஒன்றைத் திறந்து, டேட்டா மெனுவுக்குப் போய், டெக்ஸ்ட் அல்லது சி.எஸ்.வி.யிலிருந்து எடுக்கிற பட்டனை அழுத்தி, ஃபைலைக் காட்டினார். ஃபைல் ஆரிஜின் என்று ஒரு பெட்டி வந்தது. அதில் 65001 என்பதைத் தேர்ந்தெடுத்தார். யு.டி.எஃப்.-8க்கு விண்டோஸ் வைத்திருக்கிற எண் அது. 412 பேரும் புள்ளியும் உகரமுமாக வரிசையில் வந்து நின்றார்கள். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

முடிந்தது என்று எழப் போனேன். "இரு இரு, கதவு நம்பரப் பாரு" என்றார். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் புது எண், பழைய எண் இரண்டும் உண்டு. 5/12, 7/3 என்றுதான் எழுதுவோம். அதையெல்லாம் எக்ஸெல் தேதியாக எடுத்துக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு அம்மா டிசம்பர் மாதத்தில் குடியிருந்தார். மறுபடி முதலிலிருந்து வந்து, டேட்டா வகையைக் கண்டுபிடிக்காதே என்று அதே பெட்டியில் ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டதும் கதவு எண்கள் கதவு எண்களாகவே வந்தன. இதை நான் கேட்கவில்லை, அவராகப் பார்த்துச் சொன்னது.

இன்னொரு சமாசாரமும் அன்று தெரிந்தது. பையன் ஃபைலுக்கு 'ஆடி நன்கொடை' என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தான். என் ஆபீஸ் மெயிலில் அது நாலு, கே, ஆறு, ஜி, மறுபடி நாலு, கே, ஆறு என்று தொடங்கி வால் நீளமாக வந்திருந்தது. வைரஸ் என்று நினைத்து முதலில் திறக்கவே பயந்தேன். அவர் சிரித்தார். மெயில் என்பது ஆரம்பத்தில் வெறும் ஆங்கில எழுத்து போக மட்டும் போட்ட பாதை. மற்றதெல்லாம் பெரும்பாலும் 64 எழுத்துகளுக்குள் மாற்றிக் கட்டித்தான் அதில் ஏறும். மூன்று எண்ணை நாலு எழுத்தாகக் கட்டுவார்கள். ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று எண் என்பதால் எழுத்துக்கு நாலு, நடுவில் இடைவெளி வராதவரை அதில் முதல் இரண்டு எப்போதும் நாலும் கேயும். வாங்குகிற மெயில் மென்பொருள் கட்டை அவிழ்த்துக் காட்ட வேண்டும். சில பழைய மென்பொருள் ஃபைலை அவிழ்க்கும், ஃபைலின் பெயரை அவிழ்க்காது. "உள்ள எவ்ளோ தமிழ் வேணா எழுதிக்க, பேர மட்டும் இங்கிலீசுல வை" என்றார். தமிழ்ப் பற்று உள்ளவர்களுக்குக் கசக்கும். நான் இப்போது ஆடி_2 என்று ஆங்கிலத்தில்தான் வைக்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்த விமர்சனம் பாதியாகியிருக்கும். சுத்தமான பட்டியலை அச்சகத்துக்கு அனுப்பினேன். "மேடம், யூனிகோட் எங்களுக்கு வராது, பாமினியில குடுங்க" என்று போன் வந்தது. வெள்ளிக்கிழமை மறுபடி டி.எச். ரோடு.

அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்கிற பக்கம் வடிவமைக்கிற பழைய மென்பொருள் வைத்திருப்பார்கள், அதற்கு யூனிகோட் தெரியாது என்று விஷயத்தைச் சொன்னதுமே கடைக்காரர் சொல்லிவிட்டார். பாமினி மாதிரி எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் அறையிலேயே தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்த ஃபைலை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். ஆங்கிலம் போல இருந்து எந்த வார்த்தையும் புரியாவிட்டால் இந்த வகைதான். அதற்கு 65001 எல்லாம் உதவாது. எழுத்துருவை ஏற்ற வேண்டும், அல்லது பொங்குதமிழ் மாதிரி ஒரு மாற்றியில் போட வேண்டும். போன வருஷ நோட்டீஸ் என் செல்போனில் ஏன் அப்படித் தெரிந்தது என்று இப்போது புரிந்தது. தமிழ்நாடு அரசாங்கம் 1999-இல் டாம், டாப் என்று இரண்டு எழுத்துத் தரங்களை அறிவித்தது, 2010-இல் யூனிகோட் என்று ஆணை போட்டது, இடையில் ஊரில் ஆளுக்கொரு எழுத்துரு என்று கதை போனது. "நான் பாத்ததே ஒரு இருபது பெட்டி இருக்கும்மா" என்று விரல் விட்டார். எட்டாவதில் டீ வந்துவிட்டது.

யூனிகோடிலிருந்து பாமினிக்குத் திருப்பியபோது ஒரு சிக்கல். பட்டியலில் ஸ்ரீ வருகிற பெயர்கள் இருபதுக்கு மேல். சில ஸ்ரீ ஒழுங்காக மாறியது, சில உடைந்தது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஸ்ரீயை 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் தனியாகச் சேர்த்த 'ஶ'வில் தொடங்கியும் எழுதலாம். அவர் வைத்திருந்த மாற்றிக்கு முதல் வகை மட்டும் தெரியும். எல்லாவற்றையும் ஒரே வகையாக மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினார். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து 412 பெயரையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தோம். கடைசியில் எழுத்துருவை உள்ளே பதித்து ஒரு பி.டி.எஃப். எடுத்து, "இத்தான் சாட்சி. அவன் அடிக்கிறது இது மாறி இல்லேன்னா சண்ட போடு" என்று கூடவே அனுப்பினார். அச்சகம் அந்தப் பி.டி.எஃப்.பை வைத்துத்தான் புரூஃப் பார்த்தது.

இரண்டு நாள் வேலைக்கும் சேர்த்து வாங்கியது 180 ரூபாய். அதில் 60 ரூபாய் பிரிண்ட் அவுட்டுக்கு. முதல் நாள் எக்ஸெல் வேலைக்குக் காசே வாங்கவில்லை, "அது வேலையாமா" என்றார். எதிலே தோற்றுப்போவார் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறார். நான் இருக்கும்போதே ஒரு காலேஜ் பையன் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைக் கொண்டுவந்தான். வரி வரியாக வெறும் கேள்விக்குறி. வைரம் இல்லை, சாதாரணக் கேள்விக்குறி. 2019-க்கு முந்தைய விண்டோஸ் நோட்பேடில், கேட்ட எச்சரிக்கையை ஓகே செய்து ஆன்ஸியாக, அதாவது அந்தப் பழைய மேற்கத்தியப் பட்டியலில், சேவ் செய்திருக்கிறான். அதில் தமிழ் எழுத்துகளுக்கான எண்கள் போய், நிஜமாகவே கேள்விக்குறியின் எண் உட்கார்ந்துவிட்டது. "இது செத்துப் போச்சுப்பா. அனுப்புனவன்கிட்ட திரும்பக் கேளு" என்று ஐந்து நொடியில் அனுப்பிவிட்டார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் தட்டிப் பார்ப்பது போல நடித்திருக்கலாம். அடுத்து வந்த பெண்ணுக்கு எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. "ஃபைலு நல்லாகீது, உன் கம்ப்யூட்டர்ல தமிழ் ஃபான்ட் இல்ல" என்று நிர்மலா எழுத்துருவைப் போடச் சொன்னார். அவளிடமும் காசு வாங்கவில்லை. கடை எப்படி ஓடுகிறதோ.

குறையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு வைத்திருக்கிற கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் யார் யாருடையவோ ஆதார் நகல், கல்யாணப் பத்திரிகை, டி.சி. எல்லாம் கிடக்கிறது. சொன்னேன். "அழிக்கணும்மா, டைம் கெடைக்கல" என்றார். எழுத்துக்கு இவ்வளவு கவனம் எடுக்கிற மனிதர் இதில் இப்படி இருக்கக் கூடாது. உங்கள் லேப்டாப்பையோ செல்போனையோ எடுத்துப் போங்கள், அங்கே மெயில் திறக்காதீர்கள். திறந்தே ஆக வேண்டும் என்றால் லாக் அவுட் செய்து, இறக்கிய ஃபைலை நீங்களே அழித்துவிட்டு வாருங்கள். பென் டிரைவையும் நம்பிச் செருகாதீர்கள்.

வேகம் எதிர்பார்க்காதீர்கள். ஒரே ஆள். நடுவில் யாராவது ஜெராக்ஸுக்கு வந்தால் எழுந்து போய்விடுவார். பழைய கதையை ஆரம்பித்தால் சீக்கிரம் முடிக்க மாட்டார். எனக்கு அது பிடித்தது, அவசரத்தில் போகிறவருக்குப் பிடிக்காது. ஃபேன் ஒன்றுதான், அதுவும் அவர் பக்கம். ஜிபே உண்டு, ஸ்கேன் செய்கிற அட்டை மட்டும் லேமினேஷன் மெஷினுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும், கேட்டால் எடுத்துக் கொடுப்பார்.

நோட்டீஸ் சனிக்கிழமை ராத்திரி வந்தது. 412 பெயரும் சரி. ஒரே ஒருவர் மட்டும் சண்டைக்கு வந்தார், தன் பெயர் தம்பி பெயருக்குக் கீழே வந்துவிட்டது என்று. அதற்கு டி.எச். ரோட்டில் மருந்து இல்லை.

ஞாயிறு விடுமுறை. மற்ற நாள் காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை. மதியம் ஒன்றரை முதல் நாலு வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். குனிந்து கூப்பிட்டால் பதில் வரும், வேலை நடக்காது.